ஜோதிமணி அக்காவின் ஒல்லிக்குண்டு

கர்நாடகத்து மாதேஸ்வரன் மலைக் கோவிலில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் பாதித் தூக்கத்தில் இருப்பார்கள். கொள்ளேகாலில் ஏறியது முதல் வளைவு வளைவாகச் சுற்றி, வயிறு கலங்கி, தோளில் குழந்தையும் கையில் பையுமாக வந்து நிற்பார்கள். அந்த நேரத்தில் அவர்களுக்குத் தெரிய வேண்டியது சாப்பாடு எங்கே, கழிப்பறை எங்கே, மொட்டை எங்கே அடிக்கிறார்கள் என்பதுதான். சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே அதைத் தமிழில் சத்தம் போட்டுச் சொல்கிற ஓர் எழுத்து அங்கே கடைக்குக் கடை தொங்குகிறது. உயரமாக, தடியாக, ஒன்றை ஒன்று தோளில் இடித்துக்கொண்டு நிற்கிற எழுத்து. அதை வரைந்தவர் எங்கள் ஜோதிமணி அக்கா. அதை அச்சடிக்கிற மெஷினை ஓட்டுகிறவன் நான், சந்துரு. பெருமை அவருக்கு, மை வாசம் எனக்கு.

மைசூர் விஜயநகரில் வாட்டர் டேங்க் பக்கம் எங்கள் ஃபிளெக்ஸ் கடை இருக்கிறது. கடை அக்காவுடையது. ஹனூர்ப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி மைசூருக்கு வந்து, கம்ப்யூட்டரில் டைப் அடிக்கக் கற்றுக்கொண்டு, பிறகு கடன் வாங்கிச் சொந்தமாகக் கடை போட்டவர். பேச்சு இன்னும் ஹனூர்த் தமிழ்தான். கோபம் வந்தால் மட்டும் கன்னடத்துக்கு மாறுவார். நான் அவரிடம் அதிகம் கேட்டிருப்பது கன்னடம்.

கர்நாடகத்தில் கடை போர்டு என்றால் நூற்றுக்கு அறுபது பங்கு கன்னடம் இருக்க வேண்டும். அது சட்டம், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மீதி இருக்கிற இடத்தில் இங்கிலீஷ் வந்து காலை நீட்டிப் படுத்துக்கொள்ளும். தமிழுக்கு அடியில் ஒரு பட்டை இடம் கிடைத்தால் உண்டு. மலைமேல் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற லிங்கம்மா ஒருநாள் கடைக்கு வந்து புலம்பினார். தமிழ்நாட்டிலிருந்து வருகிற கூட்டம் அவர் போர்டைத் தாண்டிப் பக்கத்துக் கடைக்குப் போகிறதாம். போய்ப் பார்த்தால் அவர் போர்டில் தமிழ் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறது. பெரிதாகப் போட்டால் வார்த்தை பட்டையைத் தாண்டி வெளியே போகும். தமிழ் எழுத்து உட்காரவே அகலமாக இடம் கேட்கும், அது அதன் சுபாவம்.

நான் ஒரு யோசனை சொன்னேன். எழுத்தைக் கம்ப்யூட்டரில் இரண்டு பக்கமும் பிடித்து நெருக்கிவிட்டால் ஒல்லியாகிவிடுமே என்றேன். அக்கா நெருக்கிக் காட்டினார். நிற்கிற கோடெல்லாம் குச்சியாகிவிட்டது, படுத்திருக்கிற கோடு மட்டும் பழைய தடிமனில் கிடந்தது. பட்டினி போட்ட உடம்பில் பெரிய மீசை வைத்த மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு அக்கா தானே வரைய ஆரம்பித்தார். கோடு தடியாக இருக்க வேண்டும், எழுத்து குறுகலாக இருக்க வேண்டும். சொல்வது சுலபம். 'காணிக்கை'யில் வருகிற ணகரத்துக்கு மூன்று சுழி. தடிக் கோட்டை வைத்துக்கொண்டு மூன்று சுழியையும் ஒடுக்கமான இடத்தில் அடைத்தால் உள்ளே இருக்கிற வெள்ளை மூடிப்போய்க் கரும்பொட்டாகிவிடும். அக்கா சுழிகளைத் தட்டையாக்கினார், உள்பக்கம் கோட்டைக் கொஞ்சம் செதுக்கினார், கொம்பைக் கிட்டத்தில் இழுத்தார். ஒவ்வொரு எழுத்தும் பக்கத்து எழுத்துக்குக் கொஞ்சம் இடம் விட்டு ஒடுங்கி நின்றது, கூட்ட பஸ்ஸில் நாம் நிற்கிற மாதிரி.

வந்த பிள்ளைக்குப் பெயர் வைத்தது நான்தான். உடம்பு ஒல்லி, கோடு குண்டு. ஒல்லிக்குண்டு. இப்போது வாடிக்கையாளர்களே ஃபோனில் "ஒல்லிக்குண்டுல போட்டுக் குடுங்க" என்கிறார்கள். லிங்கம்மா கடையில் உட்கார இடமில்லை. பஸ் கண்ணாடியில், லாட்ஜ் வாசலில், செருப்பு விடுகிற இடத்தில் எல்லாம் அது நிற்கிறது.

அதன் குணமும் எங்களுக்குத் தெரியும். மலையில் பார்த்து மயங்கிய ஒருவர் மகன் கல்யாணப் பத்திரிகையை அதில்தான் அடிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அக்கா வேண்டாம் என்றார். அவர் கேட்கவில்லை. அடித்துக் கொடுத்தோம். மறுவாரமே திரும்பி வந்தார். பெண் வீட்டார் பிரித்துப் பார்த்துவிட்டு, இது பத்திரிகையா ஜப்தி நோட்டீஸா என்று கேட்டார்களாம். அக்கா சிரிக்காமல் சொன்னார்: "அது தூரத்துல போறவனக் கூப்படற எழுத்துங்க. பக்கத்துல உக்காந்து பேசறதுக்கு ஆகாதுங்க."

இவ்வளவு தெளிவாக ஊருக்குச் சொன்னவர் தன் வீட்டுச் சமையல்கட்டில் அதை மறந்துபோனார். அதைத்தான் சொல்ல வந்தேன்.

அக்காவின் வீட்டுக்காரர் நஞ்சுண்டசாமி. நான் மாமா என்று கூப்பிடுவேன். ஹெப்பாள் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வீட்டில் சமையல் அவருடையது. அக்கா கடை போட்ட நாளிலிருந்தே அப்படித்தான். ஷிஃப்ட் முடிந்து வந்து அவர்தான் உலை வைப்பார். அவருடைய அரிசிம்பருப்புச் சோற்றையும் ரசத்தையும் சாப்பிட்டவன் வேறு வீட்டில் கை நனைக்க யோசிப்பான். அக்கா வைக்கிற சாம்பாரைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை, எனக்குச் சம்பளம் தருகிறவர் அவர்.

ஓய்வு பெற்ற பிறகு மாமாவுக்குக் கண் மங்க ஆரம்பித்தது. இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை தேய்கிறது, ஓரப்பார்வை இருக்கும், போனது திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சுவரில் கடிகாரம் இருப்பது தெரியும், முள் தெரியாது. ஆள் வருவது தெரியும், முகம் இருக்க வேண்டிய இடத்தில் புகை தெரியும். ஒருவர் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் அந்த முகத்துக்குப் பக்கத்தில் பார்க்க வேண்டும். அவர் அதையும் பழகிக்கொண்டார். எங்களிடம் பேசும்போது நம் காதுக்குப் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி பார்த்துப் பேசுவார்.

மகள் ஸ்வாதி பெங்களூரில் வேலையில் இருக்கிறாள். மைசூரில் பிறந்து வளர்ந்தவள், தமிழில் கோபப்படத் தெரியாது, ஆனால் அப்பா என்றால் உயிர். அவளுக்குக் கேஸ் அடுப்பை நினைத்தாலே பயம். அப்பா இனிச் சமைக்கக் கூடாது, ஆள் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஃபோனில் தினமும் அடம் பிடித்தாள். மாமா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அக்காதான் நடுவில் புகுந்து ஒரு வழி சொன்னார். எல்லா டப்பாவிலும் பெரிதாக எழுதி ஒட்டுகிறேன், படித்து எடுப்பார், ஒரு தப்பு நடந்தாலும் நானே நிறுத்திவிடுகிறேன் என்று மகளுக்கு வாக்குக் கொடுத்தார்.

எழுத்தென்றால் அக்காவுக்கு வேறு எது ஞாபகம் வரும்? வெள்ளை ஸ்டிக்கரில் கறுப்பு ஒல்லிக்குண்டு. அரிசி, உப்பு, உளுந்து, கடுகு. நான்தான் அடித்துக் கொடுத்தேன். மலையில் பஸ்ஸிலிருந்தே தெரிகிற எழுத்து, கையெட்டுகிற தூரத்தில் தெரியாதா என்று நானும் நினைத்தேன். மறுநாள் அக்கா கடைக்குள் நுழையும்போதே முகம் மலர்ந்திருந்தது. "நல்லாத் தெரியுதுன்னு சொன்னாருடா, சந்துரு. ஒவ்வொன்னாத் தொட்டுத் தொட்டுப் படிச்சாரு." அன்றைக்கு எனக்கு டீயோடு வடையும் கிடைத்தது.

மாதங்கள் ஓடின. மாமாவின் ரசத்தில் ஒரு குறையும் இல்லை. தசரா வந்தது. வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று அக்கா இறங்கினார். அவருக்கு ஒரு வியாதி உண்டு, எதுவும் ஒழுங்காக வரிசையில் நிற்க வேண்டும். சமையல்கட்டில் இருந்த பழைய ஊறுகாய் ஜாடி, மூடி நசுங்கிய தகர டப்பா, பிளாஸ்டிக் டப்பா எல்லாவற்றையும் எடுத்துப் பரணில் போட்டுவிட்டு, ஒரே அளவில் புது எவர்சில்வர் டப்பாக்களை வாங்கி வந்தார். எல்லாவற்றிலும் புது ஸ்டிக்கர். அதோடு விட்டாரா? மாமாவுக்குத் தேடச் சுலபமாக இருக்குமென்று அகர வரிசையில் அடுக்கினார். உலகத்தில் எந்தச் சமையல்காரரும் கடுகைக் ககரத்தில் தேடுவதில்லை. ஃபாண்ட் வரைகிறவர்களுக்குத்தான் அப்படித் தோன்றும்.

ஆயுத பூஜை அன்று காலையில் கடையில் பூஜை போட்டோம். மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை, வாசலில் பூசணிக்காய் உடைத்தோம். மதியச் சாப்பாடு அக்கா வீட்டில். ஸ்வாதியும் பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். கூடத்தில் இலை போட்டாகிவிட்டது, ஒப்பிட்டு என்கிற போளி வாசம் மூக்கைத் துளைத்தது. ரசம் மட்டும் அடுப்பில் இருந்தது. ஸ்வாதி சமையல்கட்டுக்குள் போய் அப்பா பக்கத்தில் நின்றாள். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எல்லாம் தெரிந்தது.

"உப்புப் போட்டாச்சாப்பா?"

"இனித்தான், கண்ணு."

மாமா அடுப்புக்கு வலப்பக்கம் கையை நீட்டி ஒரு டப்பாவை எடுத்தார். முகத்துக்கு நேராகப் பிடித்துப் படிக்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தார். திறந்து, தாராளமாக ஒரு கரண்டி அள்ளிப் போட்டார்.

ரசம் சீறிக்கொண்டு எழுந்தது. புளித்தண்ணீரில் சோடா மாவு விழுந்தால் வேறு என்ன ஆகும்? வெள்ளை நுரை பாத்திரத்தைத் தாண்டிப் பொங்கி, அடுப்பில் வழிந்து, தீயை அணைத்தது. ஸ்வாதி அலறினாள். சத்தத்தை வைத்தே மாமா கேஸை மூடிவிட்டார், கை தடுமாறவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஸ்வாதி அந்த டப்பாவைக் கையில் எடுத்தாள்.

"அப்பா, இதுல என்ன எழுதியிருக்கு? படிங்க."

"உப்புன்னு போட்டிருக்குது, சாமி."

ஸ்வாதி 'சோடா மாவு' என்று ஒட்டியிருந்த டப்பாவை அம்மா பக்கம் திருப்பிக் காட்டினாள். வாசற்படியில் நின்றிருந்த அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எத்தன நாளாங்க படிக்க முடியல?" என்றார் அக்கா.

"ஒட்டுன அன்னைக்கிருந்தே."

"அப்பறம் எதுக்குங்க நல்லாத் தெரியுதுன்னு சொன்னீங்க?"

மாமா கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க ஒன்றும் இல்லை. "ஒட்டிப்போட்டு, எப்படிங்க இருக்குதுன்னு கேட்டயே, அந்தக் கொரலுக்கு நான் வேற என்னன்னு சொல்லட்டும்? அதுவுமில்லாம, தெரியலைன்னா கரண்டியப் புடுங்கிப்போடுவீங்க. பழைய டப்பாவெல்லாம் எனக்குக் கையிலயே தெரியும். இந்தப் புதுசுதான் எல்லாம் ஒரே மாதிரி இருக்குது. காலைல ஆளில்லாதப்ப ஒவ்வொன்னாத் தொறந்து நாக்குல வெச்சுப் பாத்துப் போட்டேன். புள்ள வந்து நின்னதும் அப்படிப் பாக்க வெக்கமாப் போச்சு. பழைய எடத்துல கைய உட்டுட்டேன்."

ஸ்வாதிக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "அம்மா, நீயே சொன்னே. ஒரு தப்பு நடந்தா நிறுத்திடுவேன்னு. இன்னிக்குத் தீ அணைஞ்சுது, நாளைக்கு? பேடாம்மா, இனிமே பேடா. வேண்டாம்."

மாமா துண்டை மடித்து அடுப்பு மேடையில் வைத்துவிட்டு அதன்மேல் கரண்டியை வைத்தார். வேலையை விட்டுப் போகிறவர் சாவியை ஒப்படைக்கிற மாதிரி அவ்வளவு மெதுவாக வைத்தார். இலையில் இருந்த ஒப்பிட்டை நான் தொடவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "நிறுத்தறதா வேண்டாமான்னு இன்னும் கொஞ்ச நேரத்துல சொல்றேன். எல்லாரும் கடைக்கு வாங்க. சந்துரு, சாவிய எடு."

"அக்கா, பூஜை போட்டாச்சு. நாளைக்குத்தான் தொடணும். சரஸ்வதி கோவிச்சுக்குவா."

"எழுத்துக்காவத்தான போடறம்? அவளுக்குக் கோவம் வராது. வந்தா நான் பேசிக்கறேன்."

மாமா என் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தார். உடைந்த பூசணிக்காயைத் தாண்டி உள்ளே போனோம். மானிட்டரின் மேல் போட்டிருந்த மாலையை அக்கா எடுத்துக் கண்ணில் ஒற்றி ஓரமாக வைத்தார். மாமாவுக்குத் திரைக்கு நேராக நாற்காலி போட்டார். ஒல்லிக்குண்டில் 'உப்பு' என்று பெரிதாக அடித்தார்.

"என்னங்க தெரியுது? நெசத்தச் சொல்லோணும். பொய் சொன்னீங்கன்னா நாளைலருந்து நானே சமைப்பேன்."

அந்த வீட்டில் அதைவிடப் பெரிய மிரட்டல் கிடையாது. மாமா பெருமூச்சு விட்டார். "ஒரு கருப்புக் கட்டை தெரியுது, ஜோதி. செங்கல்லாட்ட. எங்க ஒரு எழுத்து முடியுது, எங்க அடுத்தது ஆரம்பிக்குதுன்னு தெரியல."

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த எழுத்தை அவர் எத்தனை ஆசையாக வரைந்தார் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். அதன் ஒவ்வொரு நெருக்கமும் அவர் பாடுபட்டுச் சேர்த்தது. அந்த நெருக்கம்தான் கட்டின கணவரின் கண்ணுக்குச் சுவராக நின்றிருக்கிறது. ஆனால் அவர் அதற்காக ஒரு நியாயமும் பேசவில்லை. அழித்தார்.

சாதாரணமான, அகலமான ஓர் எழுத்தை எடுத்தார். கோட்டை இளைக்க வைத்தார். எழுத்தைப் பக்கவாட்டில் விரித்தார். திரையைக் கறுப்பாக்கி எழுத்தை வெள்ளையாக்கினார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் "இப்ப?" என்றார். "இப்பச் செங்கல்லு ரெண்டாயிருக்குது" என்றார் மாமா. எழுத்துக்கு எழுத்து நடுவில் இடம் விட ஆரம்பித்தார் அக்கா. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். சந்தையில் கூறு கட்டி வைத்த மாதிரி எழுத்துகள் தனித்தனியாகக் கிடந்தன. தொழில்காரனுக்குப் பொறுக்குமா? "அக்கா, இவ்வளவு அகட்டினா பாக்க அசிங்கமா இருக்கு" என்றேன்.

"பாக்கறவனுக்கு அசிங்கமா இருந்தா இருக்கட்டும். படிக்கறவரு இவரு."

மாமா தலையை ஒருபக்கமாகச் சாய்த்தார். திரைக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்தார். "உ" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ப்... பு." பிறகு அவசரமாக, "உப்பு, உப்பு!"

நான் கைதட்டிவிட்டேன். ஸ்வாதி தட்டவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். "மதியத்துலேருந்து எல்லாரும் உப்பு உப்புன்னுதான் சொல்லிட்டிருக்கோம். அப்பாவுக்கு அது தெரியாதா? ஊகிச்சுச் சொல்றாரு. இத்தனை நாளும் இப்படித்தானே சொன்னாரு?"

சொன்னது நியாயம்தான். மாமாவின் முகம் வாடிப்போனது. அவர் உண்மையாகவே படித்திருந்தாலும் இனி யார் நம்புவார்கள்?

அக்கா மகளைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். 'உப்பு' என்பதை அழித்தார். அதே அகலத்தில், அதே இடைவெளியில் வேறொரு வார்த்தையை அடித்தார். அடிக்கும்போது அவர் உதடு துடித்தது, கோபமா வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியவில்லை. நான் திரையைப் பார்த்தேன். வந்த சிரிப்பை இருமலாக்கி விழுங்கினேன். ஸ்வாதி கைக்கட்டை அவிழ்த்துவிட்டு ஒரு எட்டு முன்னால் வந்தாள்.

"படிங்க" என்றார் அக்கா.

மாமா தலையைச் சாய்த்தார். சாய்ந்தபடியே நாற்காலியில் கொஞ்சம் நகர்ந்தார். அவர் கண்கள் சுவரில் இருந்தன, விரல் மட்டும் காற்றில் ஒவ்வொரு எழுத்தையும் தொட்டுக்கொண்டு போனது.

"கொம்பு ஒன்னு இருக்குது... ப... பக்கத்துல காலு. பொ." நிறுத்தினார். "ய். மேல புள்ளி வெச்சிருக்குது. அடுத்ததுக்குப் புள்ளியில்ல. ய." விரல் நகர்ந்தது. "கடைசில... ரெண்டு சுழி. புள்ளி. ன்."

வாய்க்குள் ஒருமுறை சேர்த்துச் சொல்லிப் பார்த்தார். புருவம் மேலே ஏறியது.

"பொய்யன்."

அடுத்த நொடி மாமா சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, நாற்காலி ஆடச் சிரித்தார். "அட, எம்பேரைத்தான போட்டிருக்கற! சரியாப் படிச்சனா, ஜோதி?"

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். ஸ்வாதி அப்பாவின் முன்னால் மண்டியிட்டு, அவர் பார்வை விழுகிற பக்கமாகத் தன் முகத்தைக் கொண்டுபோய் வைத்தாள்.

"சரியாத்தான் படிச்சீங்கப்பா" என்றாள். "ராத்திரிக்கு ரசம் நீங்களே வைங்க."